‘யா’ என்று முடியும் கடைகள்

சென்னையில் ஒரு ஜப்பானிய உணவகத்துக்குள் நுழைந்தால் மெனு கார்டே பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். சுஷி, ராமென், டெம்புரா, கறி சாதம், கோழிக் குச்சி, கடைசியில் பச்சைத் தேயிலை ஐஸ்கிரீம் வரை ஒன்று விடாமல் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரகடத்தில் வேலை பார்க்கும் ஜப்பானியரும் வர வேண்டும், சும்மா ருசி பார்க்கப் போகிற நாமும் வர வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்தான் போட்டாக வேண்டும். ஆனால் டோக்கியோவில் இறங்கி, ‘இங்கே நல்ல ஜப்பானிய உணவகம் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் நிற்பவர் கொஞ்சம் விழிப்பார். அப்புறம் ‘என்ன சாப்பிட நினைக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால்தான் அவரால் வழி காட்ட முடியும். அங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது பதார்த்தம். கடை அதற்குப் பின்னால்தான்.

நாமும்தான் புரோட்டா கடை, பிரியாணிக் கடை, இட்லிக் கடை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் நம் புரோட்டா கடையில் தோசை கேட்டாலும் ஊற்றித் தருவார்கள். ஜப்பானில் விலாங்கு மீன் கடை என்றால் விலாங்குதான். அதன் சதை, அதன் ஈரல், அதன் முள்ளைப் பொரித்த வறுவல், அவ்வளவுதான். பெயரே அதைச் சொல்லிவிடும். ‘யா’ என்றால் கடை. சுஷி விற்றால் சுஷியா, ராமென் விற்றால் ராமென்யா, விலாங்கு விற்றால் உனகியா, சோபா விற்றால் சோபாயா. (இந்தச் சோபா உட்காருகிற சோபா இல்லை. பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் நூடுல்ஸ். வட இந்தியாவில் விரத நாளில் ‘குட்டு’ மாவு என்று சாப்பிடுகிறார்களே, அதே தானியம்தான்.)

எழுத்து படிக்கத் தெரியாதவருக்கும் கடையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. வாசலில் இடுப்பளவோ தோளளவோ தொங்கும் துணித் திரைக்கு நோரென் என்று பெயர். அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. சிவப்புக் காகித விளக்கு எரிந்தால் அது குடிக்கிற இடம். பல கடைகளில் வாசலோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் சாப்பாடே அடுக்கி வைத்திருக்கும். நூடுல்ஸைத் தூக்கிய குச்சி அந்தரத்தில் நிற்கும். அத்தனையும் பிளாஸ்டிக். முன்பு மெழுகில் செய்தார்கள். கிஃபு மாநிலத்தின் குஜோ ஹாச்சிமான் ஊரைச் சேர்ந்த இவாசாகி டாகிசோ என்பவர் 1932இல் ஒசாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். இன்றும் அந்த ஊரின் பெயர் இந்தப் பொய்ச் சாப்பாட்டோடு சேர்ந்துதான் வருகிறது.

சரி, ஒரு கடைக்கு ஒரு பதார்த்தம் என்ற இந்தப் பழக்கம் எப்படி வந்தது? பெரும்பங்கு பதில் எடோவில் இருக்கிறது. இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. டோகுகாவா ஷோகன்கள் அங்கிருந்து ஆண்ட காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலேயே அதன் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தொட்டுவிட்டது. அதில் ஆண்கள்தான் மிகுதி. பிரபுக்களோடு வந்த சாமுராய்கள், நாட்டுப்புறத்திலிருந்து கூலி தேடி வந்தவர்கள், தச்சர்கள் என்று தனிக்கட்டைகள் நிறைந்த ஊர். வீடுகள் மரமும் காகிதமும்; 1657இல் வந்த தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. எரிந்ததைத் திரும்பக் கட்ட வந்த ஆட்களுக்கும் பசிக்கும் அல்லவா? ஒண்டுக் குடித்தனத்தில் தனியாளாக அடுப்பு மூட்டிச் சமைப்பதைவிட தெருமுனையில் நின்று நாலு வாய் போட்டுக்கொண்டு போவது சுலபம். தெருக்கடைக்காரனுக்கோ ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு பண்டம் வைக்கத்தான் இடம். சுஷி, டெம்புரா, சோபா, விலாங்கு என்று இன்று உலகம் ‘ஜப்பானியச் சமையல்’ என்று கொண்டாடுகிற நாலும் அந்தத் தெருவில் வளர்ந்தவை.

சுஷியின் பூர்வீகம் இன்னும் பழையது. மீனை உப்பிட்டுச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள். பிறகு மீனை மட்டும் சாப்பிட்டுச் சோற்றை வழித்துப் போடுவார்கள். பீவா ஏரிக்கரையில் இன்றும் செய்கிற ஃபுனாசுஷி அந்த வகை. கருவாட்டு வாசனைக்குப் பழகிய மூக்கையும் சோதிக்கும். எடோக்காரனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லை. புளிப்புக்குச் சோற்றில் வினிகரைக் கலந்தான், மேலே மீன் துண்டை வைத்துக் கையால் ஒரு பிடி பிடித்தான். கையால் பிடித்த இந்த நிகிரி சுஷியை 1820களில் ஹனாயா யோஹெய் என்பவர்தான் பிரபலமாக்கினார் என்று சொல்வது வழக்கம். அப்போது ஒரு பிடி இன்றையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். ஐஸ் இல்லாத காலம் என்பதால் மீனைப் பச்சையாக வைப்பதே அரிது. சூரையைச் சோயாவில் ஊற வைத்தார்கள், சின்ன மீனை உப்பும் வினிகரும் போட்டுப் பதப்படுத்தினார்கள். இன்று தங்க விலைக்குப் போகும் டோரோ என்ற கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதியை அன்றைக்குச் சீந்த ஆளில்லை, சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால்.

இன்றைய சுஷிக் கடைகளில் இரண்டு உலகம் உண்டு. ஒன்று, எட்டுப் பத்துப் பேர் மட்டும் உட்காரும் மரப்பலகைக் கவுண்டர். எதிரில் சமையல்காரர் நிற்பார். மெனு இருக்காது, விலையும் தெரியாது. ‘உங்கள் பொறுப்பு’ என்ற பொருளில் ஓமகாசே என்று சொல்லிவிட்டால் போதும், அன்று காலைச் சந்தையில் கிடைத்ததை ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னால் வைப்பார். வைத்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவர் இத்தனை வருடம் பழகியிருக்கிறார். கையால் எடுத்துச் சாப்பிடலாம், தப்பே இல்லை. சோறு படாமல் மீன் பக்கமாகச் சோயாவில் தொட வேண்டும், அவ்வளவுதான். இஞ்சித் துண்டைச் சுஷியின் மேல் வைக்கக் கூடாது. ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் நடுவில் நாக்கைக் கழுவத்தான் அது.

இரண்டாவது, தட்டுகள் நம்மைத் தேடி வரும் கடை. ஒசாகாவில் ஒரு சின்னச் சுஷிக் கடை வைத்திருந்த ஷிராயிஷி யோஷியாகிக்கு ஆள் பற்றாக்குறை. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பட்டையில் ஓடுவதைப் பார்த்தவர், தட்டுகளையும் அப்படி ஓட விட்டால் என்ன என்று யோசித்தார். 1958இல் கடையைத் திறந்தார். பட்டை ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 8 சென்டிமீட்டர். கூடினால் எடுக்க முடியாது, குறைந்தால் வாடிக்கையாளருக்கு அலுப்பு. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் காட்டியதும் நாடு முழுக்கப் புகழ் பரவியது. 1978இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் ஆளாளுக்குப் பட்டை போட ஆரம்பித்தார்கள். தட்டின் நிறத்தைப் பார்த்து விலை, அடுக்கிய தட்டை எண்ணிப் பில். குடும்பத்தோடு சுஷி சாப்பிடுவது சாதாரண மனிதனுக்குக் கட்டுப்படியானது இப்படித்தான். ஆனால் 2023 தொடக்கத்தில் ஒரு வாலிபன் சோயா பாட்டிலை நக்கி வீடியோ போட, நாடே கொதித்துப்போனது. அதற்குப் பிறகு பல கடைகளில் பட்டை சும்மா சுற்றுவதில்லை. திரையில் தொட்டு ஆர்டர் செய்தால் அந்தத் தட்டு மட்டும் விர்ரென்று வந்து நிற்கும்.

டெம்புராவுக்கு ஆதாரம் போர்ச்சுகீசியர். 16ஆம் நூற்றாண்டில் வந்த பாதிரிகளும் வணிகர்களும் மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எடோவில் வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி வைப்பது தீக்கு அழைப்பு விடுப்பது மாதிரி என்பதால் அது தெருவுக்குப் போனது. நம் பஜ்ஜியோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் இரண்டும் எதிரெதிர். பஜ்ஜியில் கடலை மாவுக்கே தனி ருசி வேண்டும்; டெம்புராவில் மாவு இருப்பதே தெரியக் கூடாது. ஐஸ் தண்ணீரில் கோதுமை மாவை அரைகுறையாகக் கலக்குவார்கள், கட்டி இருந்தாலும் கவலை இல்லை. டோக்கியோவில் பழைய கடைகள் இன்னும் நல்லெண்ணெயில்தான் பொரிக்கின்றன, எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய்.

நூடுல்ஸ் விஷயத்தில் நாடே கிழக்கு மேற்காகப் பிரிந்து கிடக்கிறது. டோக்கியோ பக்கம் சோபா. ஒசாகாவும் ஷிகோகு தீவின் ககாவா மாநிலமும் தடித்த கோதுமை நூடுல்ஸான உடோனுக்கு. ககாவாக்காரர்கள் 2011இல் தங்களை ‘உடோன் மாநிலம்’ என்றே விளம்பரப்படுத்திக்கொண்டார்கள். குழம்புநீரும் மாறும்: கிழக்கில் சோயா தூக்கலாகக் கறுப்பாக இருக்கும், மேற்கில் அடித்தளம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். உடனடி உடோன் விற்கும் நிஸ்ஸின் நிறுவனம் ஒரே பெயரில் கிழக்குக்கு ஒரு சுவை, மேற்குக்கு ஒரு சுவை என்று தனித்தனியாகத் தயாரிக்கிறது. நம் ஊரில் சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்ற சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சோபாயாவில் ஒரு காட்சி. மூங்கில் தட்டில் குளிர்ந்த சோபா, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கறுப்புச் சாறு. குச்சியால் நாலைந்து இழை எடுத்து, நுனியை மட்டும் சாற்றில் நனைத்து, சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். அந்தச் சத்தம் மரியாதைக் குறைவு இல்லை; காற்றோடு உள்ளே போனால்தான் சோபாவின் மணம் மூக்கில் ஏறும் என்பார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு மூக்குச் செம்பில் வெண்மையான வெந்நீர் வரும். சோபா வெந்த தண்ணீர்தான், நம் சோறு வடித்த கஞ்சி மாதிரி. மீதிச் சாற்றில் அதை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். இதே சோபா ரயில் நிலையத்தில் வேறு அவதாரம் எடுக்கும். நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பவர்கள் அங்கே கூட்டம். டிசம்பர் 31 இரவு மட்டும் எந்தச் சோபா கடையிலும் இடம் இருக்காது. வருடத்தைக் கடக்க நீளமான இழையைச் சாப்பிட வேண்டும் என்பது நம்பிக்கை.

விலாங்குக் கடையில் அவசரப்பட்டால் ஆகாது. ‘குச்சியில் கோக்க 3 வருடம், கீறிப் பிளக்க 8 வருடம், சுட ஆயுள் முழுதும்’ என்று அந்தத் தொழிலில் ஒரு சொல் உண்டு. டோக்கியோவில் முதுகுப் பக்கம் கீறுவார்கள். வயிற்றைக் கீறுவது சாமுராயின் தற்கொலையை நினைவூட்டும், அதனால் எடோவில் அது ஆகாது என்று காரணம் சொல்வார்கள். வியாபாரிகளின் ஊரான ஒசாகாவுக்கு அந்தக் கவலை இல்லை, வயிற்றில்தான் கீறுவார்கள். டோக்கியோவில் சுட்டபின் ஆவியில் வேக வைத்து மறுபடி சுடுவதால் வாயில் கரையும். ஒசாகாவில் நேராகச் சுடுவதால் மொறுமொறுப்பு. மேலே தடவும் இனிப்புச் சாறு தலைமுறைகளாகத் தீரவிடாமல் ஊற்றி ஊற்றி வைத்தது என்று பழைய கடைகள் பெருமை பேசும். ஆனால் ஜப்பானிய விலாங்கு 2014 முதல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. குஞ்சுகள் கடலில் குறைந்துபோயின, விலை ஏறிக்கொண்டே போகிறது.

இதுவரை சொன்னதில் இறைச்சியே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கி.பி. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உழவு மாதங்களில் உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். அதற்குப் பிறகும் தடைகள் வந்தன. புத்த மதமும் சேர்ந்துகொள்ள, நாலுகால் பிராணிகளைத் தின்பது அசிங்கம் என்ற எண்ணம் ஊறிப்போனது. மலைப்பக்கத்தில் காட்டுப்பன்றியை ‘மருந்து’ என்று சொல்லிச் சாப்பிட்டவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் வெளிப்படையாகக் கடை போட முடியாது. 1872இல் மெய்ஜி பேரரசர் தானே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானது. மேற்கத்தியர் உயரமாகவும் பலமாகவும் இருக்கக் காரணம் இறைச்சி என்று அப்போதைய அறிவாளிகள் நம்பினார்கள். பிறகென்ன, மாட்டிறைச்சியைச் சோயாவிலும் சர்க்கரையிலும் கொதிக்க வைக்கும் கடைகள் காளான் போல முளைத்தன. இன்றைய சுகியாகி அந்த வழியில் வந்ததுதான்.

அதே காலத்தில் பிறந்த இன்னொரு வகைக் கடையைத்தான் நான் ஜப்பானியச் சமையலின் வேடிக்கையான பகுதி என்பேன். யோஷோகு, அதாவது மேற்கத்திய உணவு. பெயர்தான் மேற்கு, எந்த மேற்கத்தியரும் இதைத் தன் ஊர்ச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். தக்காளி கெச்சப்பில் புரட்டிய சோற்றை ஆம்லெட்டில் சுற்றினால் ஓமுரைஸ். கெச்சப்பில் புரட்டிய ஸ்பகெட்டிக்கு ‘நாபோரிதன்’ என்று பெயர், இத்தாலியின் நேப்பிள்ஸுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் 1895இல் தொடங்கிய ரெங்கதெய் என்ற கடை, பன்றி இறைச்சித் துண்டை ரொட்டித் தூளில் புரட்டி டெம்புரா மாதிரி நிறைய எண்ணெயில் பொரித்தது. கூடவே பொடிப்பொடியாக நறுக்கிய பச்சை முட்டைக்கோஸை வைத்தது. அது வளர்ந்து, தடிமன் கூடி, டோன்கட்சு என்று பெயர் பெற்று, கத்தி முள்கரண்டியை விட்டுக் குச்சிக்கு மாறி, மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) சூப்போடு சேர்ந்து, கடைசியில் தனக்கென்று ஒரு ‘யா’வையே பிடித்துக்கொண்டது. பல டோன்கட்சு கடைகளில் எள்ளும் ஒரு குட்டி உரலும் முதலில் வரும். இறைச்சி வரும்வரை நாமே இடித்துச் சாஸோடு கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். சோறும் முட்டைக்கோஸும் கேட்கக் கேட்க வரும், நம் சாப்பாட்டுக் கடை மாதிரி.

ஜப்பானின் ‘கரே ரைஸு’ம் இந்தக் கும்பலைச் சேர்ந்ததுதான். கறி இந்தியாவிலிருந்து நேராக அங்கே போகவில்லை. ஆங்கிலேயர் பொடியாக்கி, கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய கறிதான் மெய்ஜி காலத்தில் போய்ச் சேர்ந்தது. கடற்படையும் அதைப் பிடித்துக்கொண்டது. நம் வழி தனியாகப் பின்னால் வந்தது. பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பானுக்குப் போன வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸுக்கு டோக்கியோ ஷின்ஜுகுவின் நாகமுராயா என்ற ரொட்டிக் கடைக் குடும்பம் அடைக்கலம் தந்தது. அந்த வீட்டுப் பெண்ணையே அவர் மணந்தார். 1927இல் கடையின் மாடியில் தேநீர்ப் பகுதி திறந்தபோது, எலும்போடு கோழி போட்ட இந்தியக் கறியை மெனுவில் ஏற்றச் சொன்னவர் அவர். இதே போஸ்தான் பிறகு இந்திய சுதந்திர லீக்கை நடத்தி, அதையும் இந்திய தேசிய ராணுவத்தையும் 1943இல் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர். அந்த ராணுவத்தில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரிந்த கதை. அவரோடு இயங்கிய ஏ. எம். நாயர் என்ற கேரளத்துக்காரர் 1949இல் கின்சாவில் திறந்த உணவகம் இன்றும் நடக்கிறது.

போர் முடிந்தபின் இன்னொரு அலை. அரிசிக்குத் தட்டுப்பாடு, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது, சீனாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் அங்கே கற்ற சமையலோடு வந்தார்கள். சூடான சாற்றில் போட்ட கோதுமை நூடுல்ஸான ராமென் பெருகியது இந்தக் கலவையில். அதற்கு முன்பே 1910இல் டோக்கியோ அசாகுசாவில் ராய்ராய்கென் என்ற கடை, யோகஹாமாவின் சீனச் சமையல்காரர்களைக் கொண்டு இதைத் தொடங்கியிருந்தது. ஆனால் மூலைக்கு மூலை ராமென்யா வந்தது போருக்குப் பிறகு. தைவானில் பிறந்த ஆன்டோ மோமோஃபுகு 1958இல் அதை உடனடி நூடுல்ஸ் ஆக்கினார். சப்போரோவில் மிசோ போட்டுக் கெட்டியாக இருக்கும், டோக்கியோவில் சோயா, ஃபுகுவோகாவின் ஹகாதாவில் பன்றி எலும்பை வெள்ளையாகும்வரை கொதிக்க வைத்த சாறு. ஹகாதாவில் நூடுல்ஸ் மெல்லியது, சாற்றில் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். தீர்ந்ததும் ‘காயேதாமா’ என்று குரல் கொடுத்தால் இன்னொரு உருண்டை வந்து விழும்.

ராமென்யாவில் முதலில் இயந்திரத்தோடுதான் பேச வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் பொத்தான் பொத்தானாக ஒரு பெட்டி நிற்கும். காசைப் போட்டு, வேண்டிய பொத்தானை அமுக்கி, விழும் சீட்டைக் கவுண்டரில் நீட்டிவிட்டு உட்கார வேண்டும். எழுத்து தெரியாதவர்கள் இடப்பக்கம் மேல் மூலைப் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் தப்பாது. கடையின் பிரதான அயிட்டத்தை அங்கேதான் வைப்பார்கள். சாப்பிட்டு முடித்தபின் கதை பேசிக்கொண்டு உட்காருவது அங்கே அநாகரிகம். பின்னால் வரிசை நிற்கிறது. 2015 டிசம்பரில் டோக்கியோவின் சுகாமோ பகுதியில் இருந்த ட்சுதா என்ற 9 இருக்கை ராமென் கடைக்கு, உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டியின் நட்சத்திரமே கிடைத்தது. ராமெனுக்கு அதுதான் முதல் முறை.

யாகிநிகு என்ற மேசையிலேயே இறைச்சி சுட்டுச் சாப்பிடும் கடைகளை வளர்த்தவர்கள் காலனி ஆட்சிக் காலத்தில் ஜப்பானுக்கு வந்து தங்கிவிட்ட கொரியர்கள். மற்றவர்கள் சீந்தாத குடல், ஈரல் முதலியவற்றை மசாலா போட்டுச் சுட்டு விற்றதில் தொடங்கி, இன்று விலையுயர்ந்த வாக்யு இறைச்சிவரை வந்துவிட்டது. ஒகோனோமியாகி கடையில் மேசையே ஒரு பெரிய தோசைக்கல். ஒசாகாவில் மாவு, முட்டை, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் கலக்கி ஊற்றுவார்கள். ஹிரோஷிமாவில் கலக்காமல் அடுக்குவார்கள், நடுவில் நூடுல்ஸும் உண்டு. எது உயர்ந்தது என்று இரண்டு ஊர்க்காரர்களிடமும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள்.

இவ்வளவு நேரம் சொன்ன ‘ஒரு கடை, ஒரு பதார்த்தம்’ விதியை மீறுகிற கடை ஒன்று உண்டு, இசகாயா. சாராயக் கடையில் வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே உட்கார்ந்து குடித்த பழக்கத்திலிருந்து பிறந்த பெயர். குடிக்கிற இடம் என்பதால் தொட்டுக்கொள்ள எல்லாம் வேண்டும். அவித்த பச்சைச் சோயா காய், பச்சை மீன் துண்டு, பொரித்த கோழி, சுருட்டிய முட்டை, உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட குழம்பு என்று சின்னச் சின்னத் தட்டுகளாக நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானியர் தனித்தனித் தட்டைவிட்டுப் பங்கு போட்டுச் சாப்பிடும் அரிதான இடம் அது. உட்கார்ந்ததும் சூடான ஈரத்துணி வரும், கை துடைக்க. உடனே ‘தோரியாயேசு பீரு’ என்பார்கள்: இப்போதைக்குப் பீர், மற்றது அப்புறம் யோசிக்கலாம். கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஏதோ வரும். இலவசம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அதன் பெயர் ஓதோஷி, தலைக்கு சில நூறு யென் பில்லில் ஏறும். இருக்கைக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதில் டிப்ஸ் என்ற தொல்லை எங்கேயும் இல்லை. மேசையில் விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடி வந்து கொடுப்பார்கள்.

இசகாயாவின் பங்காளிதான் யாகிடோரியா. அங்கே திரும்பவும் விதி அமலுக்கு வரும்: கோழி மட்டும். ஆனால் எத்தனை கோழி! தொடை, தோல், இதயம், இரைப்பை, குருத்தெலும்பு, வால் நுனிக் கொழுப்பு, கொத்திய உருண்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குச்சி. உப்பா, சாறா என்று கேட்பார்கள். நல்ல கடை வகாயாமாவின் பின்சோதான் கரியைப் பயன்படுத்தும். ஒன்றோடொன்று தட்டினால் உலோகம் மாதிரி கணீரென்று ஒலிக்கும் கரி அது. புகை குறைவு, சூடு அதிகம்.

குடும்பத்தில் ஒருவருக்குச் சோபா, ஒருவருக்கு டோன்கட்சு, குழந்தைக்கு ஓமுரைஸ் வேண்டும் என்றால்? அதற்குத்தான் ஷோகுடோ என்ற சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளும், 1970இல் ஸ்கைலார்க் தொடங்கி வைத்த குடும்ப உணவகச் சங்கிலிகளும். ஷோகுடோவின் டெய்ஷோகு நம் ‘மீல்ஸ்’தான்: சோறு, மிசோ சூப், ஊறுகாய், நடுவில் ஒரு மீனோ பொரியலோ. இதற்கு எதிர்முனையில் கியோட்டோவின் ரியோதெய்கள். தோட்டம் பார்த்த தனி அறை, கைசெகி என்று பத்துக்கு மேற்பட்ட சிறு பரிமாறல்கள், ஒவ்வொன்றிலும் பருவத்தின் இலையோ பூவோ. சில இடங்களில் பழைய வாடிக்கையாளர் யாராவது கூட்டிப் போகாமல் புதிதாக வருபவரை உள்ளே விடுவதில்லை. பணம் இருந்தாலும் சரி.

கடைசியாக, நம்மில் பலர் கேட்கும் கேள்வி: சைவத்துக்கு என்ன கிடைக்கும்? பதில் கொஞ்சம் சிக்கலானது. மேலே சொன்ன எல்லாக் கடைகளையும் ஒரு நூல் இணைக்கிறது, அதன் பெயர் டாஷி. கொம்பு என்ற கடற்பாசியையும் கட்சுவோபுஷி சீவலையும் வெந்நீரில் போட்டு எடுக்கும் சாறு. கட்சுவோபுஷி என்றால் சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காய வைத்தது. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மாலத்தீவின் மாசிக் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மாலத்தீவில் புகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; ஜப்பானியர் உயர்ந்த வகைக்குப் பூஞ்சையும் பிடிக்க வைத்துத் திரும்பத் திரும்ப வெயிலில் போடுவார்கள். 1908இல் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் கொம்புச் சாற்றிலிருந்துதான் உமாமி என்ற ருசியைப் பிரித்துக் காட்டினார். சோபாவின் சாறு, மிசோ சூப், டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்வது, முட்டைச் சுருள் என்று எல்லாவற்றிலும் டாஷி உண்டு. ‘மீன் வேண்டாம்’ என்று சொல்லிக் காய்கறி உடோன் வாங்கினால், சமையல்காரர் மனதார மீன் போடாமல்தான் தருவார். அவரைப் பொறுத்தவரை டாஷி மீன் இல்லை, தண்ணீர் மாதிரி.

முழுச் சைவம் வேண்டுமானால் ஷோஜின் ரியோரி என்ற மடத்துச் சமையலைத் தேட வேண்டும். ஜென் துறவி டோகென் 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு சிறு நூல் எழுதி வைத்தார். அரிசி களையும்போது கல் பார்ப்பதிலிருந்து அதில் உண்டு. வெங்காயம், பூண்டு இரண்டும் விலக்கு என்பது நம் ஆசார வீடுகளுக்குப் பழக்கமான விதிதான். டாஷி கொம்பிலும் காய்ந்த காளானிலும் எடுத்தது. கோயா மலையில் சுமார் 50 மடங்கள் தங்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் தருகின்றன. மாலை ஐந்தரை ஆறுக்கெல்லாம் தாழ்வான சிவப்புப் பலகைகளில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதில் வெண்சதுரமாக, கொஞ்சம் வாசாபியோடு, தொட்டால் ஆடுகிற ஒன்று இருக்கும். எள்ளு தோஃபு என்று பெயர், ஆனால் அதில் சோயா கிடையாது. எள்ளை மணிக்கணக்கில் அரைத்து, குட்சு என்ற கொடியின் கிழங்கு மாவோடு கைவிடாமல் கிண்டி இறக்கியது. நம் கூழ் கிண்டுகிற அதே கைவேலை. குச்சியில் எடுக்க வராது, வழுக்கும். பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்திருப்பார்கள், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.